திபெத்திய-பர்மிய மொழிகளில் அசை சுருங்குவதும் மறுபடி வளர்வதும்: நான்கு கேள்விகள்

அசைநாடி:

திபெத்திய-பர்மிய மொழிகளின் (திபெத்தியம், பர்மியம், மிசோ, ஜிங்போ, காரோ, போடோ முதலியவை சேர்ந்த குடும்பம்) எண்ணுப்பெயர்களை அருகருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தமிழ் எழுத்தில் ஒலிப்புடை ஒலியும் ('தங்கம்' என்பதில் வரும் க போல) ஒலிப்பிலா ஒலியும் ('பக்கம்' என்பதில் வரும் க போல) பிரியாது என்பதால் தேவையான இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

'எட்டு': எழுத்துத் திபெத்தியத்தில் ப்ர்க்யத் (ப், க், த் மூன்றும் ஒலிப்புடையவை). லாசா பேச்சில் வெறும் க்யெ, முடிவில் குரல்வளை சட்டென்று மூடுகிறது. பர்மிய எழுத்தில் ர்ஹச், பேச்சில் ஷி, அதே குரல்வளை அடைப்போடு. மிசோவில் பரியத், ஜிங்போவில் மத்ஸத்.

'ஐந்து': எழுத்துத் திபெத்தியத்தில் ல்ங, லாசாவில் ங, பர்மியத்தில் ஙா, மிசோவில் பஙா, ஜிங்போவில் மஙா, காரோவில் பொஙா, போடோவில் பா.

கேள்விகள்:
1. மிசோவின் 'ப-' முழு அசையாக நிற்கிறது. அப்படியானால் அதுதான் பழைய வடிவம், திபெத்தியத்தின் ப்- அதன் சுருக்கம் என்று கொள்ளலாமா?
2. போடோவின் 'பா' இந்தக் கூட்டத்தில் எப்படிச் சேரும்? வேரின் ங் எங்கே போனது?
3. இத்தனை மெய்கள் உதிர்ந்தால் சொற்கள் ஒன்றோடொன்று மோதாதா?
4. இந்த மாற்றம் ஒருவழிப் பாதைதானா?

---

மெய்ம்மயக்கன்:

முதல் கேள்வியில் நீங்கள் விழப்போகும் குழி, பலரும் விழுந்த குழி. அதனால் அதை விரிவாகவே சொல்கிறேன்.

மிசோவில் ஒன்று முதல் ஒன்பதுவரை எல்லா எண்ணுக்கும் 'ப-' இருக்கிறது: பகத், பஹ்னிஹ், பதும், பலி, பஙா, பருக், பசரிஹ், பரியத், பகுவா. இப்படி விதிவிலக்கே இல்லாமல் எல்லாவற்றிலும் ஒரே முன்னொட்டு இருந்தாலே சந்தேகப்பட வேண்டும். திபெத்திய எழுத்தில் அப்படி இல்லை. இரண்டும் மூன்றும் க்- ஏற்கின்றன (க்ஞிஸ், க்ஸும்), நான்கு ப்- (ப்ஷி), ஐந்து ல்-, ஒன்பது த்- (த்கு). கலைந்து கிடப்பதுதான் பழையது. சீராக அடுக்கியிருப்பது பின்னால் யாரோ அடுக்கியது. எண்களை நாம் வரிசையாகச் சொல்லிப் பழகுகிறோம் அல்லவா, அந்தப் பழக்கமே ஓர் எண்ணின் முன்னொட்டைப் பக்கத்து எண்ணுக்குத் தொற்றவைக்கிறது. ஜிங்போவில் மஸும், மலி, மஙா என்று 3, 4, 5 மூன்றிலும் ம- வருவது இப்படித்தான். மூன்றுக்குரிய பழைய முன்னொட்டு க்-. ம- அங்கே பக்கத்து வீட்டிலிருந்து வந்தது.

மிசோவுக்குள்ளேயே இதற்கு நல்ல சோதனை இருக்கிறது. பத்து 'சோம்'. நாற்பது சோம்லி, ஐம்பது சோம்ஙா, எண்பது சோம்ரியத். எங்கும் ப- இல்லை, கழன்றுவிட்டது. ஆனால் எழுபதைப் பாருங்கள்: சோம்சரிஹ். ப- கழன்றபோதும் ச- கழலவில்லை. காரோவில் ஏழு ஸ்னி, ஜிங்போவில் சனித். அந்த ஸ்- உண்மையிலேயே பழைய முன்னொட்டு. மிசோவில் அது வேரோடு இறுகிவிட்டது, அதன் மேல் ப- இன்னொரு அடுக்காக ஏறியது. பசரிஹ் என்ற ஒரு சொல்லில் இரண்டு காலத்து முன்னொட்டுகள் மரத்தின் வளையம் போலத் தெரிகின்றன.

ஆக, நான்கில் மிசோவின் ப-வும் திபெத்தியத்தின் ப்-வும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்கலாம். 'பகத்'தில் உள்ள ப-வை வைத்து மூலமொழியின் (இவை அனைத்தும் பிரிந்து வந்த பழைய மொழியின்) 'ஒன்று'க்கு முன்னால் ஒரு ப்- போட்டால் அது பிழை.

---

பனிவரை:

போடோவின் 'பா' பற்றி. முன்னொட்டும் வேரின் முதல் மெய்யும் நெருங்கி ஒட்டும்போது மூன்றில் ஒன்று நடக்கும். இடையில் சிறு உயிர் நின்று அரை அசையாகத் தொடரலாம் (பஙா, மஙா, பொஙா). முன்னொட்டு உதிரலாம் (பர்மிய ஙா). அல்லது முன்னொட்டு நின்று, வேரின் மெய் உதிரலாம். போடோவும் திரிபுராவின் கோக்பொரோக்கும் மூன்றாவது வழியில் போனவை: ப்ஙா என்பதில் ப் தங்கியது, ங் போயிற்று. விருந்தாளி வீட்டுக்காரரை வெளியேற்றிய கதை. திபெத்திய ல்ங-வில் உள்ள ல்- வேறு முன்னொட்டு, அதை இந்தப் ப-வோடு இணைக்காதீர்கள்.

இதே வகையில் இன்னும் தெளிவானது 'கரடி'. மூல வடிவமாக மீட்டுருவாக்கப்படுவது த்-வம். பர்மிய எழுத்தில் வம் (இன்றைய பேச்சில் வுன்), திபெத்தியத்தில் தோம். திபெத்தியத்தில் முன்னொட்டு த் வேரின் இடத்தைப் பிடித்துக்கொண்டது, வ் மறைந்தது. ஆனால் உயிரைக் கவனியுங்கள்: அ என்பது ஓ ஆகிவிட்டது. வ்-வுக்குக் குவிந்த உதடு உயிரின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. உங்கள் மூன்றாவது கேள்விக்கான திறவுகோலும் இதுதான். மெய் போனாலும் அது செய்த வேலை பக்கத்து ஒலியில் தங்கிவிடும்.

---

தொனிமானி:

மூன்றாவது கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். முதலில் முன்பக்கம், பிறகு பின்பக்கம்.

முன்பக்கம். லாசாத் திபெத்தியத்தில் 'நான்' ங. எழுத்திலும் ங, முன்னொட்டு இல்லை. 'ஐந்து' ல்ங, 'முரசு' ர்ங, 'முந்தி' ஸ்ங. ல், ர், ஸ் மூன்றும் இன்றைய பேச்சில் இல்லை. ஆனால் 'நான்' தாழ்ந்த தொனியில் (குரல் உயரத்தில்) வருகிறது, மற்ற மூன்றும் உயர்ந்த தொனியில் வருகின்றன. மூக்கொலிக்கு முன்னால் ஒரு மெய் நின்றிருந்தது என்ற செய்தியைக் குரலின் உயரம் இன்று சுமக்கிறது.

அடைப்பொலிகளில் (க், த், ப் போன்றவை) கணக்கு வேறு. அங்கே முன்னொட்டு இருந்ததா என்பது தொனியைத் தீர்மானிப்பதில்லை. வேர் மெய் ஒலிப்புடையதா என்பதே தீர்மானிக்கிறது. 'திருடு' ர்கு (ஒலிப்பிலா க்), 'ஒன்பது' த்கு (ஒலிப்புடைய க்). இரண்டும் இன்று லாசாவில் கு. முதலாவது உயர்தொனி, இரண்டாவது தாழ்தொனி. ஒலிப்புடைய மெய்யைச் சொல்லும்போது குரல்நாண்கள் தளர்வதால் அடுத்து வரும் உயிர் தொடக்கத்தில் சற்றுத் தாழும். எல்லா மொழியிலும் உள்ள உடற்கூற்று விளைவு இது. மெய்யின் ஒலிப்பு மங்கத் தொடங்கினால், கேட்பவர் அந்தச் சிறு தாழ்வையே அடையாளமாகப் பிடித்துக்கொள்வார். அடுத்த தலைமுறை அதை வேண்டுமென்றே மிகைப்படுத்திச் சொல்லும். தொனி பிறப்பது அப்படித்தான். வியட்நாமிய மொழிக்கு மொழியியலாளர் ஓத்ரிகூர் 1954-இல் காட்டிய வழியும் இதே தர்க்கம்தான், மொழிக்குடும்பம்தான் வேறு.

இருந்தும் ல்ங, ர்ங, ஸ்ங மூன்றும் ஒன்றாகிவிட்டன. தொனி இரண்டு என்றால் பெட்டியும் இரண்டுதான். மிச்ச மோதலைக் கூட்டுச்சொல் தீர்க்கிறது. 'முந்தி' இன்று தனியாக நிற்காமல் ஙபோ என்று இரண்டசையாக வருகிறது.

பின்பக்கம். இந்த மொழிகளில் சொல்லிறுதி ப், த், க் வெடிக்காது. வாய் மூடும், திறக்கும் ஓசை வெளியே வராது. எந்த இடத்தில் மூடியது என்பதை முந்தைய உயிரின் கடைசி நொடியிலிருந்துதான் காது ஊகிக்க வேண்டும். அந்த ஊகம் தவறும்போது எல்லா அடைப்பும் குரல்வளை அடைப்பாகச் சுருங்கிவிடும், ஆனால் உயிரின் சாயல் மாறி நிலைத்துவிடும். 'திபெத்' என்பதற்குரிய சொல் எழுத்தில் போத். லாசாவில் அதன் உயிர், ஓ சொல்ல உதட்டைக் குவித்து அப்படியே வைத்துக்கொண்டு ஏ சொன்னால் வருமே, அந்த ஒலி. த் சொல்ல முன்னால் பாய்ந்த நாக்கு, உயிரையும் முன்னால் இழுத்துவிட்டது. இறுதியில் த், ந், ல், ஸ் வந்த இடங்களில் அ, ஓ, உ மூன்றுக்கும் இது நடந்தது. ப்ர்க்யத்தின் அ இன்று எ-யாகக் கேட்பதும் இதனால்தான்.

பர்மியத்தில் இன்னும் பரவலாக நடந்தது. எழுத்தில் அக் என்று முடிவது இன்று எ, அச் என்று முடிவது இ, அத்தும் அப்பும் அ. எல்லாவற்றின் முடிவிலும் ஒரே குரல்வளை அடைப்பு. 'கண்' ம்யக் இன்று ம்யெ. 'இரண்டு' ஹ்னச் இன்று ஹ்னி. க்-கும் ச்-சும் உயிரில் தடம் விட்டுப்போயின. த்-தும் ப்-பும் விடவில்லை. அதனால் 'தண்ணீர் மொள்' என்ற கப்பும் 'அடி' என்ற கத்தும் இன்று ஒரே உச்சரிப்பு. நீங்கள் பயப்படும் மோதல் நடக்கவே செய்கிறது, ஆனால் எதிர்பார்ப்பதைவிடக் குறைவான இடங்களில்.

மெய்ம்மயக்கம் எவ்வளவு உதிர்கிறதோ அவ்வளவு தொனி கூடும் என்று இதைப் பொதுவிதியாக வைத்துக்கொள்ளலாம்.

---

மெய்ம்மயக்கன்:

கடைசி வரியைத் தவிர தொனிமானி சொன்ன அனைத்தும் எனக்கு உடன்பாடு. அந்த வரியைப் பொதுவிதி ஆக்காதீர்கள்.

வடகிழக்கு வட்டார வழக்கான அம்தோ திபெத்தியம் பல மயக்கங்களை எளிமையாக்கியும் தொனி பெறவில்லை. மிசோவுக்கு நான்கு தொனிகள், ஆனால் இறுதி மெய்கள் ப், த், க், ம், ன், ங், ல், ர் எல்லாம் கெடாமல் இருக்கின்றன. பர்மிய 'ஹ்னி'யின் தொடக்கத்தில் மூச்சு கலந்த ந் இருக்கிறதே, அதுவும் உதிர்ந்த முன்னொட்டின் தடம்தான், அங்கே தடம் மெய்யிலேயே தங்கிவிட்டது. 'மூக்கு' அதற்கு நல்ல சான்று: திபெத்திய எழுத்தில் ஸ்ன, லாசாவில் உயர்தொனி ந, பர்மியத்தில் ஹ்னா. ஒரே ஸ்- லாசாவில் தொனியானது, பர்மியத்தில் மூச்சானது.

எங்கே போயிற்று என்று ஒவ்வொரு மொழியிலும் தேடிப் பார்க்க வேண்டும். தொனி, உயிரின் சாயல், மூச்சு, நீளம் என நான்கு இடங்கள் இருக்கின்றன. எங்கும் கிடைக்காத சமயமும் உண்டு, அப்போது உண்மையிலேயே தொலைந்துவிட்டது.

இன்னொன்று: உதிர்ந்தது என்று நாம் சொல்வதும் சொல்லின் முதலில்தான். லாசாவில் நான்கு ஷி, பத்து ச்சு ('அச்சு'வில் வரும் ஒலி). எழுத்தில் ப்ஷி, ப்ச்சு. ஆனால் பதினான்கு சொல்லும்போது ச்சுப்ஷி. நாற்பது சொல்லும்போது ஷிப்ச்சு. தனியாக நின்றபோது கேட்காத ப், முன்னால் ஓர் உயிர் கிடைத்ததும் அதன் மடியில் ஏறிக்கொள்கிறது. பதின்மூன்று ச்சுக்ஸும்: அங்கே வருவது ப் அல்ல, க். ஏனென்றால் மூன்றின் பழைய முன்னொட்டு க். மிசோவின் சோம்லியில் ப- கழன்றதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புதிதாக ஒட்டியது கூட்டில் கழல்கிறது, பழையது கூட்டில் வெளிப்படுகிறது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த சான்று இது.

காரணமும் எளிது. சொல் முதலில் 'ப்த' என்று தொடங்கினால், உதடு திறக்கும் முன்பே நாக்கு மூடிவிடும். ப் வெடிக்கும் ஓசை வெளிவராது, கேட்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. முன்னால் உயிர் இருந்தால் உயிரிலிருந்து உதடு மூடும் சரிவு காதில் விழும்.

---

ஒன்றரை:

நான்காவது கேள்விக்கு: ஒருவழி அல்ல. சுருங்கிய அசைகள் கூட்டுச்சொல்லாகச் சேர்கின்றன, அந்தக் கூட்டின் முதல் பாதி தேய்கிறது, தேய்ந்தது புதிய முன்னொட்டாகிறது. மறுபடி முதலிலிருந்து.

இதை இன்றைய பர்மியத்தில் நேரடியாகக் கேட்கலாம். மீன் ஙா. (ஐந்தும் ஙா. தொனிகூட ஒன்றே, எழுத்தும் ஒன்றே.) மீனை உப்பிட்டு அழுத்திச் செய்யும் பண்டத்துக்கு மீன் + அழுத்து, ஙா + பி. ஆனால் யாரும் ஙாபி என்று சொல்வதில்லை. முதல் உயிர் தொனியை இழந்து, நீளத்தை இழந்து, வாய் திறந்தும் திறவாமலும் சொல்லும் ஒரு மங்கிய அ ஆகிறது: ஙபி. 'ஆள்' தூ, 'திருடு' கோ, திருடன் தகோ. காது நா, இலை யுவெ, காதுமடல் நயுவெ. எழுத்தில் முழு உயிர் அப்படியே இருக்கிறது, பேச்சில் பாதிதான் மிச்சம்.

இந்த வடிவத்துக்கு மொழியியலாளர் மாட்டிசாஃப் 1973-இல் வைத்த பெயரைத் தமிழில் 'ஒன்றரை அசை' என்று சொன்னால் கச்சிதமாகப் பொருந்தும். நமக்கு இது அந்நியமான கருத்தே இல்லை. நாடு, காசு என்பவற்றின் இறுதி உகரத்தை அரை மாத்திரை என்று நம் இலக்கணம் அளந்து வைத்திருக்கிறது. அதற்கு முழு உகரத்தின் உரிமை கிடையாது, உயிர் வந்தால் கெட்டுவிடும். அந்தக் குற்றியலுகரத்தைச் சொல்லின் தலைப்பக்கம் தூக்கி வையுங்கள், பர்மிய அரை அசை கிடைக்கும். தலைப்பக்கம் ஏன் என்றால், இந்த மொழிகளில் அழுத்தம் கடைசி அசையில் விழுகிறது. அழுத்தம் இல்லாத முன்பக்கம்தான் தேயும்.

மிசோவில் அடுத்த கட்டம் தெரிகிறது. மிசோவில் 'ச' என்றால் விலங்கு, இறைச்சி. புலி சகேய், கரடி சவோம், மீன் சங்ஹா. மீனையும் ஐந்தையும் பர்மியம் குழப்பிக்கொண்டது. மிசோவில் சங்ஹா, பஙா என்று முன்பாதியே பிரித்துக் காட்டுகிறது. திபெத்திய எழுத்திலும் புலி ஸ்தக், பாம்பு ஸ்ப்ருல் என்று விலங்குப் பெயர்களில் ஸ்- வருகிறது. இதுவும் ஒருகாலத்தில் 'விலங்கு' என்ற முழுச் சொல்லாக இருந்து தேய்ந்தது என்பது மொழியியலாளர் பெனடிக்ட் முன்வைத்த விளக்கம். முழுச் சொல், அரை அசை, தனி மெய், லாசாவில் (மூக்கொலிக்கு முன் நின்ற ஸ்- என்றால்) வெறும் தொனி. நான்கு படியும் நான்கு இடத்தில் இன்றும் உயிரோடு இருக்கின்றன.

சுற்றின் கடைசிப் புள்ளியில் லாகு, யி முதலிய லோலோ கிளை மொழிகள் நிற்கின்றன. லாகுவில் சொல்லிறுதி மெய் கிடையாது, தொனி ஏழு. லியாங்ஷான் யி மொழியில் அசைகள் ஒரு மெய், ஓர் உயிர் என்று எண்ணி முடிக்கும் அளவுக்குச் சுருங்கிவிட்டதால், அசைக்கு ஓர் எழுத்து வைத்தே எழுதிவிட முடிகிறது. யூனிகோடில் அந்த அசையெழுத்துகள் 1165.

---

அசைநாடி:

மிக்க நன்றி. பஙா, ஙா, பா மூன்றும் இப்போது ஒரே கோட்டில் தெரிகின்றன. ஒன்றுமட்டும்: நானே ஒரு சொல்லை எடுத்து ஒப்பிடும்போது எந்த வரிசையில் போக வேண்டும்? எண்ணுப்பெயரை விட்டுவிடவா?

---

தொனிமானி:

விட வேண்டாம், ஆனால் எண்ணிலிருந்து தொடங்காதீர்கள். மெய்ம்மயக்கன் சொன்ன தொற்று எண்ணில்தான் அதிகம். (என் பொதுவிதியைத் திருத்தியதற்கு அவருக்கு நன்றி. அம்தோவை நான் கணக்கில் எடுத்திருக்க வேண்டும்.) உடலுறுப்பு, விலங்கு, அன்றாட வினை என்று ஐம்பது சொல் எடுங்கள். முதலில் வேர் மெய்யையும் உயிரையும் மட்டும் ஒப்பிட்டு, ஒத்திசைவு (ஒரு மொழியின் இன்ன ஒலிக்கு மற்றதில் இன்ன ஒலி என்ற தொடர்பு) முறையாக வருகிறதா என்று பாருங்கள். மிசோவின் த்ஹ பழைய ஸ்: மூன்று பதும், திபெத்தியத்தில் க்ஸும். இது ஒரு சொல்லில் வந்தால் போதாது. 'இரத்தம்' 'சாவு' என்று மற்றவற்றிலும் வர வேண்டும், வருகிறது. பன்றிக்குத் திபெத்தியத்தில் பக், பர்மியத்தில் வக், மிசோவில் வோக். இங்கே ப்-வும் வ்-வும் ஒத்திசைவு என்று எழுதிவிடாதீர்கள். கரடியில் நடந்ததேதான் இங்கேயும், முன்னொட்டு ப் வேரின் வ்-வைத் தள்ளிவிட்டது. வேரை உறுதி செய்துகொண்ட பிறகே முன்னொட்டுக்கு வாருங்கள். முன்னொட்டை ஒரு மொழியை வைத்து மூலமொழிக்கு ஏற்றாதீர்கள். குறைந்தது இரண்டு வெவ்வேறு கிளைகளில், அதுவும் தொற்றுக்கு வாய்ப்பில்லாத சொல்லில் கிடைக்க வேண்டும்.

---

பனிவரை:

இரண்டு எச்சரிக்கை சேர்க்கிறேன்.

எழுத்தை நம்பலாம், ஆனால் சரிபார்த்துவிட்டு. திபெத்திய எழுத்து 7-ஆம் நூற்றாண்டில் உருவானது, மயக்கங்களை அன்று ஒலித்தபடியே பதிவுசெய்தது. அது வெறும் எழுத்து அலங்காரம் அல்ல என்பதற்கு மேற்கு வட்டார வழக்கான பால்டி சாட்சி: அங்கே ஏழு இன்றும் ப்துன், மூன்று ஃஸும் (தொண்டையில் உரசும் ஒலியோடு). எழுத்தில் ஒரு மெய்யைப் பார்த்தால் பால்டியிலோ லடாக்கியிலோ அது ஒலிக்கிறதா என்று பாருங்கள். பர்மியத்துக்கு இதே வேலையைச் செய்பவை கல்வெட்டும் கிளைமொழியும். 12-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்து மியாசேதி கல்வெட்டுக் காலத்தில் மயக்கத்தின் இரண்டாம் இடத்தில் ல் இருந்தது: நிலத்துக்கு ம்லிய். இன்று ம்யே. தவாய் வட்டாரத்தில் அந்த ல் இன்னும் ஒலிக்கிறது. ரக்கைன் வட்டாரத்தில் ர் ஒலிக்கிறது. யாங்கோன் பேச்சில் க்ல், க்ர், க்ய் மூன்றும் ஒன்றாகி 'ச்ச' ஆகிவிட்டன. அதனால் 'கோழி' க்ரக்கும் 'வெந்தது' க்யக்கும் அங்கே ஒரே ஒலி. யாங்கோன் பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு பின்னோக்கிப் போனால் இந்த மூன்றையும் பிரிக்க வழியே இல்லை.

இரண்டாவது, கடன்சொல். ஜபுக் போன்ற கியல்ரோங் மொழிகளில் (சீனாவின் சிச்சுவான் மலைப்பகுதியில் பேசப்படுபவை) மயக்கங்கள் மலைபோல் குவிந்திருக்கும், பார்த்ததும் பழமை என்று தோன்றும். அவற்றில் பல சொற்கள் திபெத்தியத்திலிருந்து மயக்கத்தோடே வந்தவை. நான்குக்கு ஜபுக்கில் கவ்தே. அந்த வ் பழைய ப்-வின் எச்சம், இது சொந்தச் சொல். முன்னால் நிற்கும் க- 4 முதல் 9 வரை வரிசையாக வருகிறது, அதனால் அது மிசோவின் ப- போலப் பின்னால் ஏறியது. சமயம், வணிகம், நிர்வாகம் சார்ந்த சொல் ஒன்று திபெத்தியத்தை அப்படியே ஒத்திருந்தால், அதை ஒப்பீட்டுப் பட்டியலிலிருந்து எடுத்துத் தனித்தாளில் எழுதி வையுங்கள்.